பின்சக்கரத்தைத் திரும்ப மாட்டுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

வட சென்னையில் ஓடும் பைக்குகளுக்குப் பின்சக்கர வேலை அடிக்கடி வரும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் எல்லாம் கடலை ஒட்டிய இடங்கள். உப்புக் காற்று செயினையும், சக்கரத்தின் நடுவே போகும் ஆக்சில் கம்பியையும் சும்மா விடாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி செயின் கவருக்குள் புகுந்து, எண்ணெயோடு சேர்ந்து கறுப்புப் பசையாக அப்பிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் தேங்கும் தண்ணீருக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் பிரேக் டிரம்முக்குள் சேறு இறங்கிவிடும். அதனால் சக்கரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்வது, பிரேக் ஷூ மாற்றுவது, பேரிங் மாற்றுவது எல்லாம் இங்கே வீட்டு வாசலிலேயே நடக்கிற வேலைகள்.

கழற்றுவது யாருக்கும் வந்துவிடும். திரும்ப மாட்டும்போதுதான் சந்தேகம் வரும். இந்த வாஷர் உள்ளேயா வெளியேயா, இந்தக் குட்டிக் குழாய் எங்கிருந்து வந்தது, செயின் எவ்வளவு இறுக்கம் இருக்கணும் என்று கேள்விகள் வரிசையாக நிற்கும். அந்தக் கேள்விகளுக்குத்தான் இந்தக் கட்டுரை. 100 முதல் 150 சிசி வரை உள்ள, பின்னால் டிரம் பிரேக்கும் செயினும் கொண்ட ஸ்பிளெண்டர், ஷைன், பிளாட்டினா மாதிரி வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். வண்டிக்கு வண்டி சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். அளவுகளில் சந்தேகம் வந்தால் வண்டியோடு வந்த கையேடு சொல்வதுதான் கடைசி வார்த்தை.

மாட்டுவதற்கு முன்னால்

வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நம் சந்துகளில் தரை சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டையான பலகை போட்டால் வண்டி ஆடாது. சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போடுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள். பக்கத்தில் ஒரு கோணியையோ பழைய பேனரையோ விரித்து, கழற்றிய பாகங்களை எல்லாம் கழற்றிய வரிசையிலேயே அடுக்குங்கள். கழற்றும்போது செல்போனில் படம் எடுத்திருந்தால் இப்போது அது கைகொடுக்கும்.

ஆக்சில் நட்டுக்கு ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர்தான் வேண்டும். ஓபன் ஸ்பேனரால் முறுக்கினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும், அடுத்த முறை கழற்றவே முடியாது. அது போக ஒரு கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் கிரீஸ், பழைய துணி, அளவு நாடா, நட்டு கழன்று விழாமல் துளையில் செருகி வளைக்கும் புது ஸ்பிளிட் பின் இரண்டு. ஸ்பிளிட் பின் சில ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான். பழையதை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய கம்பி அடுத்த வளைப்பில் உடையத் தயாராக இருக்கும்.

இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். பேரிங்குக்குள் விரலை விட்டு உள்வளையத்தைச் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் சரி. கரகரவென்று மணல் நெருடுவது போலத் தெரிந்தாலும், பக்கவாட்டில் ஆட்டம் கொடுத்தாலும் மாற்றிவிடுங்கள். பேரிங்கின் பக்கவாட்டில் 6202, 6301 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும்; அதைச் சொன்னால் கடைக்காரர் சரியானதை எடுத்துக் கொடுப்பார். செகண்ட் ஹேண்ட் பாகம் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. செயின் கவர், ஃபுட்ரெஸ்ட் எல்லாம் அப்படி வாங்கலாம். பேரிங்கும் பிரேக் ஷூவும் மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

பிரேக் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் தேய்ந்து 2 மில்லிமீட்டர் தடிமன்தான் மிச்சம் என்றால் அதன் காலம் முடிந்தது. டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கும் பைப்பும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடைத்தெடுத்து, துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஆக்சிலைக் கண்ணாடிப் பலகை மேலோ மொசைக் தரை மேலோ உருட்டிப் பாருங்கள். தத்தித் தத்தி உருண்டால் வளைந்திருக்கிறது என்று பொருள். அதை நிமிர்த்த வேண்டாம், புதிது போடுங்கள். துரு மட்டும் என்றால் எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்கிவிடலாம். காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி ஏற்றும் வண்டிகளில் இந்தத் துரு மிக மோசமாக இருக்கும். பெட்டியிலிருந்து உருகி வடியும் ஐஸ் தண்ணீர் உப்போடு நேராகச் சக்கரத்தின் நடுவில்தான் விழும். எங்கள் தெருவில் மீன் வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவருடைய வண்டியில் ஆக்சிலும் அதைச் சுற்றியிருந்த குட்டிக் குழாயான காலரும் ஒரே இரும்பாகப் பிடித்துக்கொண்டிருந்தன. டீசல் ஊற்றி ஊறவைத்து, மறுநாள்தான் தட்டி எடுக்க முடிந்தது. தேய்த்துச் சுத்தம் செய்த ஆக்சில் முழுக்க மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். மரையில் மட்டும் வேண்டாம், அதைத் துடைத்து வையுங்கள். கடைசியாக நட்டைக் கையாலேயே மரையில் கடைசி வரை சுற்றிப் பாருங்கள். கையால் சுற்றாத நட்டை ஸ்பேனரால் ஏற்றினால் மரை போய்விடும்.

ஆக்சிலில் இருக்கும் வரிசை

இந்த வேலையில் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. ஆக்சிலில் பாகங்கள் மணி கோத்தது போல ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. செயின் பக்கமிருந்து சொன்னால் செயினின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் செயின் அட்ஜஸ்டர், சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் கவட்டையான ஸ்விங் ஆர்மின் ஒரு கை, செயின் ஓடும் பல்சக்கரம் பூட்டிய ஸ்பிராக்கெட் ஹப்பின் புஷ்ஷும் பேரிங்கும், சக்கரத்தின் இடது பேரிங், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் மறைந்திருக்கும் நீளக் குழாய், வலது பேரிங், ஷூக்களைத் தாங்கும் பிரேக் பிளேட், காலர், ஸ்விங் ஆர்மின் மறு கை, அந்தப் பக்க அட்ஜஸ்டர். ஒரு முனையில் ஆக்சிலின் தலை, மறு முனையில் வாஷரும் நட்டும்.

நட்டை இவ்வளவு பலமாக இறுக்கியும் சக்கரம் எப்படித் தடையில்லாமல் சுற்றுகிறது? நட்டின் பிடி முழுவதும் இந்த வரிசை வழியாகத்தான் போகிறது. காலர் பிரேக் பிளேட் வழியாகப் பேரிங்கின் உள்வளையத்தை மட்டும் அழுத்தும். அது குழாயை அழுத்தும். குழாய் அடுத்த பேரிங்கின் உள்வளையத்தை அழுத்தும். உள்வளையங்கள் எல்லாம் ஆக்சிலோடு சேர்ந்து அசையாமல் நிற்க, வெளிவளையங்கள் சக்கரத்தோடு சுற்றுகின்றன. வரிசையில் ஒரு துண்டு விட்டுப்போனாலோ இடம் மாறினாலோ இந்தக் கணக்கு கெட்டுவிடும். பேரிங் மாற்றும்போது ஹப்புக்குள் இருக்கும் அந்தக் குழாயை மறந்தால் இரண்டு உள்வளையங்களையும் நட்டு ஒன்றை நோக்கி ஒன்றாக நெரிக்கும், புதுப் பேரிங் சீக்கிரமே சத்தம் போட ஆரம்பித்துவிடும். வெளியே இருக்கும் காலர் விட்டுப்போனால் நட்டை இறுக்க இறுக்க ஸ்விங் ஆர்மின் இரண்டு கைகளும் உள்பக்கம் வளையும், பிரேக் பிளேட் ஒருபக்கமாக இழுத்துக்கொள்ளும்.

காலரை எந்த முகம் உள்ளே இருக்கும்படி போடுவது என்று தெரியவில்லையா? வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு முகத்தில் பளபளவென்று மெல்லிய வட்டத் தடம் தெரியும். பேரிங் வளையத்தின் மேலோ பிரேக் பிளேட்டின் மேலோ அழுந்தி உட்கார்ந்திருந்த முகம் அது. மற்ற முகத்தில் ஸ்விங் ஆர்மின் பெயின்ட் ஒட்டியிருக்கும். இந்த இரண்டு அடையாளமும் போதும். ரப்பர் சீல் இருக்கும் பக்கத்தில் சீலின் உதட்டில் விரல் நுனியால் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். மழைத் தண்ணீரை வெளியே நிறுத்துவது அந்த உதடுதான்.

சில வண்டிகளில் செயின் பக்கம் இரண்டு நட்டுகள் இருக்கும், பெரியது ஒன்றும் சின்னது ஒன்றும். பெரிய நட்டு ஸ்பிராக்கெட் ஹப்பை ஸ்விங் ஆர்மோடு பிடித்திருக்கும். சின்னது ஆக்சிலுக்கானது. இந்த அமைப்பில் சக்கரத்தைக் கழற்றினாலும் ஸ்பிராக்கெட்டும் செயினும் வண்டியிலேயே தொங்கும். செயின் பூட்டை அவிழ்க்கவே தேவையில்லை, மிக வசதி. ஆனால் செயினைச் சரிசெய்ய அந்தப் பெரிய நட்டையும் தளர்த்தியிருப்பீர்கள். முடிக்கும்போது இரண்டையும் இறுக்க வேண்டும்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நம் திருவொற்றியூரில்தான் புல்லட் செய்தது, இந்தப் பக்கம் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் பிரேக் மிதி இடது காலில். டிரம்மும் ஸ்பிராக்கெட்டும் ஒரே பக்கம், ஒரே துண்டு. அதனால் இங்கே இடது, வலது என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வரிசையைப் பற்றிச் சொன்னது மட்டும் அவற்றுக்கும் பொருந்தும்.

சக்கரத்தை உள்ளே கொண்டுபோவது

முதலில் கப்ளிங் ரப்பர். ஸ்பிராக்கெட் ஹப்பின் பற்கள் போய் உட்காரும் ரப்பர் துண்டுகள் இவை. கியர் போட்டதும் வரும் அடியை வாங்கிக்கொள்வது இவற்றின் வேலை. நசுங்கி, ஓரம் கிழிந்து, ஹப்பைக் கையால் திருகினால் லொடலொடவென்று ஆடினால் செட்டாக மாற்றுங்கள். புது ரப்பர் இறுக்கமாக இருக்கும். உள்ளே தள்ள எண்ணெயோ பெட்ரோலோ தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

அப்புறம் பிரேக் பிளேட். ஷூக்களை விரிக்கும் கேம் கம்பியின் மேல் மட்டும் துளி கிரீஸ் வையுங்கள். லைனிங்கிலும் டிரம்மிலும் படவே கூடாது. பட்டுவிட்டால் மணல் தாளால் லைனிங்கைத் தேய்த்து, பெட்ரோல் தொட்ட துணியால் டிரம்மைத் துடைத்து உலரவிடுங்கள். நிறைய ஊறிப்போன ஷூ என்றால் மாற்றுவதுதான் வழி. கேம் கம்பியிலும் அதன் வெளிக் கையிலும் சின்னப் புள்ளி அடித்திருக்கும், இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும்.

இப்போது பிளேட்டை டிரம்முக்குள் வைத்து, சக்கரத்தை ஸ்விங் ஆர்முக்கு நடுவே உருட்டிக்கொண்டு போங்கள். தனியாகச் செய்பவர்கள் வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் டயருக்கு அடியில் கொடுத்துத் தூக்கலாம். கைகள் இரண்டும் ஆக்சிலுக்கும் காலருக்கும் மிச்சமாகும். பாதத்துக்குப் பதிலாகச் சரியான உயரத்தில் ஒரு மரக்கட்டை வைத்தாலும் சரி. சக்கரத்தைச் செயின் பக்கமாகச் சாய்த்து ரப்பர்களுக்குள் பற்கள் இறங்கும்வரை அசைத்துத் தள்ளுங்கள். இறங்கியதும் மறுபக்கம் காலருக்கு இடம் கிடைக்கும். இடம் கிடைக்கவில்லை என்றால் பற்கள் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

ஆக்சிலைக் கழற்றிய பக்கத்திலிருந்தே நுழையுங்கள். கையால் தள்ளி, தட்டும் இடத்தில் சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கியும் இறக்கியும் அசைத்தால் போய்விடும். சுத்தியலால் அடிக்காதீர்கள். அடித்தால்தான் போகும் என்ற நிலை வந்தால் ஏதோ ஒரு துண்டு நேராக இல்லை. கீழே குனிந்து துளை வழியாகப் பாருங்கள், எது தடுக்கிறது என்று தெரியும். செயின் அட்ஜஸ்டர்களை இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டே வாருங்கள். மறுமுனை வெளியே வந்ததும் வாஷரும் நட்டும் கை இறுக்கம் மட்டும். ஸ்பேனர் இப்போது வேண்டாம்.

டார்க் ராட்

உயிரைக் காப்பாற்றும் பாகம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பிரேக் பிளேட்டையும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் தட்டையான இரும்புப் பட்டை இது. சில மெக்கானிக்குகள் டென்ஷன் ராட் என்பார்கள். பிரேக் மிதிக்கும்போது ஷூக்கள் சுற்றும் டிரம்மைப் பிடிக்கின்றன. பிடித்த வேகத்தில் டிரம் ஷூக்களையும், ஷூக்களைத் தாங்கும் பிளேட்டையும் சேர்த்துச் சுற்றப் பார்க்கும். சுற்றாமல் இழுத்துப் பிடித்திருப்பது இந்தப் பட்டைதான். இதை மாட்டாமல் விட்டால் வண்டி சாதாரணமாக ஓடும், தெருமுனை வரை போய் வந்தால்கூட ஒன்றும் தெரியாது. பலமாக பிரேக் அடிக்கும் முதல் தடவை பிளேட் சுழன்று, மிதியிலிருந்து வரும் பிரேக் ராடை முறுக்கிக்கொண்டு, சக்கரம் ஓடும் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். பின்னால் கன்டெய்னர் லாரி வரும் சாலையில் அது என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் ஆக்சில் உள்ளே போனவுடன், செயினைத் தொடுவதற்கு முன்பே இதை மாட்டிவிடுங்கள். போல்ட், வாஷர், நட்டு, அதன் மேல் புது ஸ்பிளிட் பின். பின்னின் இரண்டு கால்களையும் எதிரெதிராக வளைத்து, விரலால் தடவிப் பாருங்கள்; அசையக் கூடாது. நட்டை நன்றாக இறுக்கினால் போதுமே, பின் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அதிர்விலேயே ஓடும் வண்டியில் எந்த நட்டும் தளரலாம். தளர்ந்தாலும் கழன்று விழாமல் பிடிப்பதற்குத்தான் பின். சில வண்டிகளில் ராட் இருக்காது. பதிலாக ஸ்விங் ஆர்மின் உள்பக்கம் ஒரு முனைப்பும், பிரேக் பிளேட்டில் அதற்கேற்ற பள்ளமும் இருக்கும். முனைப்பு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்தே பார்த்துவிடுங்கள்.

செயினும் சக்கரம் நேராக நிற்பதும்

செயின் பூட்டை அவிழ்த்திருந்தால், இரண்டு முனைகளையும் பின் ஸ்பிராக்கெட்டின் பற்களின் மேலேயே சேர்த்து வையுங்கள். பற்கள் பிடித்துக்கொள்ளும், பூட்டைச் செருகுவது சுலபம். புதுப் பூட்டு வாங்கினால் செயின் தகட்டில் உள்ள எண்ணும் பூட்டின் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும், நம் வண்டிகளில் பெரும்பாலும் 428. பூட்டின் மேல் வரும் கிளிப்புக்கு ஒரு மூடிய முனையும் ஒரு பிளந்த முனையும் உண்டு. மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்வரிசையில் செயின் இன்ஜினை நோக்கி ஓடும், அங்கே மூடிய முனை முன்பக்கம். மாற்றிப் போட்டால் ஏதாவது உரசும்போது கிளிப் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

அடுத்தது தொய்வு. "டைட்டா இருந்தாதான் தம்பி வண்டி இழுக்கும்" என்று சொல்கிற பெரியவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போது ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் போகிறது. முன் ஸ்பிராக்கெட்டும் ஸ்விங் ஆர்மின் மூட்டும் ஆக்சிலும் ஒரே நேர்க்கோட்டில் வரும்போது செயினுக்கு அதிக நீளம் தேவைப்படும். நிற்கும்போதே விறைப்பாக இருக்கும் செயினுக்கு அந்த நேரத்தில் கொடுக்க எதுவும் மிச்சமிருக்காது. முன்னால் கியர்பாக்ஸ் பேரிங்கையும் பின்னால் சக்கரப் பேரிங்கையும் அது பிய்த்து இழுக்கும். இரண்டு பேரும் சாமானும் ஏற்றி மணலி சாலைப் பள்ளங்களில் போகிற வண்டிக்கு இது இன்னும் முக்கியம்.

அளப்பது இப்படி. கீழ்வரிசைச் செயினின் நடுவில் விரலால் மேலே தள்ளி, அப்புறம் கீழே இழுத்து, இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். முழு செயின் கவர் உள்ள வண்டியில் கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றினால் விரல் போகும் துளை இருக்கும். பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் சரியான அளவு. ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள். சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் பல இடங்களில் பாருங்கள். தேய்ந்த செயின் ஓர் இடத்தில் இறுக்கமாகவும் இன்னோர் இடத்தில் தொளதொளவென்றும் இருக்கும். இறுக்கமான இடத்தில்தான் அளவு சரியாக இருக்க வேண்டும். அந்த வித்தியாசம் ரொம்பப் பெரிதாக இருந்தாலோ, ஸ்பிராக்கெட் பற்கள் கொக்கி போல ஒருபக்கம் சாய்ந்திருந்தாலோ செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்த்து மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவைத்து செயினைத் துடைப்பதையோ எண்ணெய் விடுவதையோ எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். துணி செயினில் சிக்கினால் விரல் பின்னாலேயே போய்விடும், கையை இழுக்க நேரம் கிடைக்காது. சக்கரத்தை எப்போதும் கையால்தான் சுற்ற வேண்டும்.

இரண்டு பக்க அட்ஜஸ்டர்களையும் சம அளவில் திருப்புங்கள். இந்தப் பக்கம் அரைச் சுற்று என்றால் அந்தப் பக்கமும் அரைச் சுற்று. ஸ்விங் ஆர்மில் வெட்டியிருக்கும் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தெரிய வேண்டும். அடிபட்டு எழுந்த வண்டிகளில் இந்தக் கோடுகளை முழுசாக நம்ப முடியாது. அளவு நாடாவால் ஸ்விங் ஆர்ம் மூட்டுப் போல்ட்டின் மையத்திலிருந்து ஆக்சிலின் மையம் வரை இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள். கடைசியாக, வண்டிக்குப் பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு செயினின் நெடுக்காகப் பாருங்கள். நேராக ஸ்பிராக்கெட்டில் ஏறினால் சரி. ஏறும் இடத்தில் ஒருபக்கம் ஒடிந்தது போலத் தெரிந்தால் சக்கரம் கோணலாக நிற்கிறது. கோணலாக விட்டால் பற்களின் ஒரு ஓரம் மட்டும் பளபளவென்று தேயும், ஓட்டும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இறுக்குவது

இரண்டு சின்ன வேலைகள் செய்துவிட்டு நட்டை இறுக்குங்கள். ஒன்று, ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியைக் கீழ்வரிசைச் செயினுக்கும் பின் ஸ்பிராக்கெட்டுக்கும் இடையே வைத்து, சக்கரத்தைக் கொஞ்சம் முன்னோக்கிச் சுற்றுங்கள். பிடி பற்களில் சிக்கிச் செயின் விறைக்கும். ஆக்சில் முன்னுக்கு இழுபட்டு இரண்டு அட்ஜஸ்டர்களிலும் நன்றாக முட்டி நிற்கும். இரண்டு, பிரேக் ராடை மாட்டி, மிதியைக் கையால் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது வீட்டில் யாரையாவது மிதிக்கச் சொல்லுங்கள். ஷூக்கள் டிரம்மைப் பிடிக்கும்போது பிளேட் தானாகவே மையத்துக்கு வந்துவிடும். மிதியை விடாமல் நட்டை இறுக்கினால் அந்த மையம் அப்படியே நிற்கும். புது ஷூ போட்ட பிறகும் பிரேக் மெத்தென்று இருக்கிறது என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த ஒரு வேலையைச் செய்யாதவர்கள்தான்.

எவ்வளவு இறுக்குவது? இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்திருந்தால் கையேட்டில் உள்ள அளவைப் பாருங்கள். சின்ன வண்டிகளில் அது பெரும்பாலும் 50 முதல் 70 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். டார்க் ஸ்பேனர் இல்லாமல் சாதாரண ரிங் ஸ்பேனரால் இறுக்குகிறீர்கள் என்றால், அதன் முனையைப் பிடித்துக் கை பலம் முழுவதும் கொடுங்கள். பைப் சொருகி நீளத்தைக் கூட்டுவதோ மேலே ஏறி மிதிப்பதோ வேண்டாம். டார்க் ஸ்பேனரோடு ஒரு தடவையாவது பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இறுக்கக் கேட்டுப் பாருங்கள், கைக்கு அந்த அளவு பழகிவிடும். நட்டில் பின் துளை இருந்தால் ஸ்பிளிட் பின், இரட்டை நட்டு அமைப்பு என்றால் பெரியதும் சின்னதும் இரண்டும், டார்க் ராடின் இரண்டு முனைகளும், அட்ஜஸ்டரின் லாக் நட்டுகளும் விட்டுப்போகக் கூடாது. எல்லாம் முடிந்ததும் செயின் தொய்வை இன்னொரு முறை அளந்து பாருங்கள், ஏனென்றால் நட்டை இறுக்கும்போது அது மாறுவது வழக்கம்.

பிரேக் ராடின் நுனியில் ஸ்பிரிங், குறுக்கே உருளைப் பின், அதன் பின்னால் அட்ஜஸ்ட் நட்டு. நட்டின் குழிந்த முகம் அந்த உருளையின் மேல் உட்கார வேண்டும். மிதியின் நுனி 20 முதல் 30 மில்லிமீட்டர் சும்மா இறங்கி, அதற்குப் பிறகு பிரேக் பிடிக்கத் தொடங்கும்படி வையுங்கள். மிதியை விட்டதும் சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். பிரேக் லைட் எரிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். டயர் காற்று எவ்வளவு என்பது செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்.

பின்னாலும் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி என்றால், டிஸ்க்கை இரண்டு பேட்களுக்கும் நடுவே பொறுமையாக நுழைத்து மாட்டுங்கள். சக்கரம் வெளியே இருக்கும்போது மிதியைத் தொடாதீர்கள். தொட்டால் பேட்கள் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே போகாது. மாட்டிய பிறகு வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் மிதி கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். முதல் சில மிதிகளில் பிரேக் பிடிக்கவே பிடிக்காது.

ஓட்டிப் பார்ப்பது

ஸ்டாண்டில் இருக்கும்போதே டயரை மேலும் கீழும் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள், டக் டக்கென்று ஆட்டம் இருக்கக் கூடாது. சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஷூ லேசாக உரசும் சத்தம் பரவாயில்லை, இரும்பு இரும்பை உரசும் சத்தம் வந்தால் மறுபடி கழற்றத்தான் வேண்டும். அப்புறம் வண்டியை இறக்கி, இன்ஜின் போடாமல் தள்ளிக்கொண்டே பிரேக்கை மிதித்துப் பாருங்கள். பிடித்ததும் நிற்கிறது, விட்டதும் போகிறது என்றால் நடைவேகத்தில் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத உள்தெரு இதற்கு நல்ல இடம். நேராக டி.எச். ரோடு எனும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலோ எண்ணூர் நெடுஞ்சாலையிலோ இறங்காதீர்கள்.

சில தெருக்கள் சுற்றிவிட்டு நிறுத்தி, புறங்கையை ஹப்புக்கு அருகே கொண்டுபோங்கள். வெதுவெதுப்பு என்றால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் நெரிபடுகிறது. பிரேக் ராடின் அட்ஜஸ்ட் நட்டைத் தளர்த்தியும் சூடு குறையவில்லை என்றால் ஆக்சில் வரிசையை மறுபடி பாருங்கள்.

கடைசி வேலை, நகப்பூச்சு இருந்தால் ஆக்சில் நட்டிலிருந்து ஸ்விங் ஆர்ம் வரை குறுக்கே ஒரு கோடு போடுங்கள். டார்க் ராட் நட்டுக்கும் ஒன்று. 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு பார்வை பார்த்தால் போதும், கோடு ஒடிந்து விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. அதே நேரத்தில் செயின் தொய்வையும் மிதியின் அளவையும் ஒருமுறை சரிபாருங்கள். புதுச் செயினும் புது ஷூவும் ஓட்டத்தில் உட்காரும்போது இரண்டும் கொஞ்சம் மாறியிருக்கும்.